துணிச்சல் கட்சியின் வாதம்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாத பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உடற்கூறியலின் முன்னோடி ஆந்திரேயஸ் வெசேலியசின் பெருமைக்குக் காரணம் அறிவா, துணிச்சலா? இதுதான் தலைப்பு. நான் துணிச்சல் கட்சி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா என்ன சொன்னார்? “எதிரணி தலையில் தூக்கி ஆடும் ஆள், பாதிராத்திரியில் கம்பம் ஏறி எலும்பு திருடியவர். இவர்கள் அகராதியில் திருட்டுக்குப் பேர் துணிச்சல்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் வேறு சிரித்தார். நான் எழுதி வைத்திருந்த பாயிண்ட் எல்லாம் அதோடு போச்சு. இந்தத் திருட்டு வழக்கை முடிக்காமல் நான் மைக்கை விடுவதாக இல்லை.

1536. பாரிசில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன், போர் வந்ததால் பாதியில் கிளம்பி லூவன் நகரத்துக்கு வருகிறான். வயது 21. ஊருக்கு வெளியே மரண தண்டனை நிறைவேற்றும் இடம். அங்கே கம்பத்தில் ஒருவனைக் கட்டித் தீயில் வாட்டியிருக்கிறார்கள். மிச்சத்தைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. எலும்பும் அதைப் பிடித்திருக்கும் நாரும்தான் பாக்கி. பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நம்ம ஆள் ஏறிவிட்டார்! கீழே நண்பர் கெம்மா பிரிசியஸ். தொடையைப் பிடித்து ஒரு இழு, இடுப்பிலிருந்து கழன்று வருகிறது. இன்னொரு இழு, தோள்பட்டை எலும்போடு கையும் வருகிறது. ஒரு கையில் விரல்கள் இல்லை, ஒரு பாதம் இல்லை, முழங்கால் சில்லு இரண்டும் இல்லை என்று அந்த அவசரத்திலும் கணக்கு எடுக்கிறார்! நம் வீட்டுப் பிள்ளைகளை மளிகைக் கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குவதில்லை.

கை, கால் எல்லாம் பல நடையாக ரகசியமாக வீடு போய்ச் சேர்ந்தன. மார்புக்கூடு வரவில்லை, மேலே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலம் கோட்டைக் கதவைச் சாத்தும்போது வேண்டுமென்றே வெளியே தங்கிவிட்டார். நடுராத்திரி. சுற்றிலும் பிணங்கள். இந்தத் தடவை நண்பர் இல்லை. தாய்மார்களே, கரண்ட் போனால் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் கூப்பிடுகிறோம். இவர் தனியாக அந்தக் கம்பத்தில் ஏறி, சங்கிலியோடு மல்லுக்கட்டி, மார்புக்கூட்டைப் பிடுங்கி ஒளித்து வைத்து, மறுநாள் வேறு வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் கொண்டுவந்தார். அப்புறம் எலும்புகளைத் தண்ணீரில் வேகவைத்துச் சுத்தம் செய்தார். எந்தப் பாத்திரம், மறுநாள் அதில் என்ன சமைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்! எலும்புக்கூட்டைக் கோத்து நிற்கவைத்துவிட்டு, “பாரிசிலிருந்து கொண்டுவந்தேன்” என்றார். வெளியூர்ச் சரக்கு என்றால் எந்த ஊரிலும் மறு கேள்வி இல்லை.

சரி, இப்போது அம்மாவுக்கு வருகிறேன். திருட்டு என்கிறீர்களே, இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? வெசேலியசே எழுதினார்! 1543இல் பாசல் நகரத்தில் அச்சான தன் பெரிய உடற்கூறு நூலில், நான்தான் ஏறினேன், நான்தான் இழுத்தேன் என்று விலாவாரியாக எழுதி, அந்த நூலைச் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லசுக்குச் சமர்ப்பணமும் செய்தார். திருடிவிட்டு, எப்படித் திருடினேன் என்று அச்சடித்து, ராஜாவிடமே கொண்டுபோய் நீட்டும் திருடனை எந்த ஊர்ப் போலீஸ் பார்த்திருக்கிறது? சொல்லுங்கள் அம்மா!

அறிவு, அறிவு என்றீர்கள். அந்த அறிவெல்லாம் ஆயிரத்து முந்நூறு வருடமாக எங்கே இருந்தது? மருத்துவப் பாடத்தில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூலைப் படிப்பார். கீழே நாவிதர் உடலை அறுப்பார். நூல் ஒன்று சொல்லும், உடல் ஒன்று காட்டும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேலன் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பன்றியையும். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் சொன்னால் இரண்டுதான். 1537இல் இத்தாலியின் பதுவா நகரத்தில் பாடம் நடத்த வந்த வெசேலியஸ் நாற்காலியை விட்டு இறங்கி, தானே கத்தியைக் கையில் எடுத்து, மனிதனுக்குத் தாடை ஒரே எலும்பு என்று காட்டினார். பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன குரு சில்வியஸ் கொதித்துப்போய், பைத்தியக்காரன் என்று எழுதினார். கேலன் தப்பில்லையாம், அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டதாம்! தொடை எலும்பு கேலன் சொன்னபடி வளைந்தில்லையே என்றதற்கு, இறுக்கமான கால்சட்டை போட்டுப் போட்டு நிமிர்ந்துவிட்டது என்றாராம். சில்வியஸ் படிக்காதவரா? கரைத்துக் குடித்தவர். கரைத்துக் குடித்தவருக்கு இல்லாத எதுவோ இந்தப் பையனிடம் இருந்தது.

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். அந்த நூல் வெளிவந்தபோது அவருக்கு 28 வயது. அந்தச் சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியராகப் போகுமுன் தன் கைப்பிரதிகளைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டார். அவரை எவ்வளவு ஏசியிருந்தால் அந்தக் கை அதற்குத் துணிந்திருக்கும்? 1564இல் ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில், சாக்கிந்தோஸ் என்ற கிரேக்கத் தீவில், 49 வயதில், சொந்தபந்தம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் கண்ணை மூடினார். அடக்கம் செய்த இடம் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நம் எலும்பையெல்லாம் எண்ணிச் சொன்னவரின் எலும்பு எந்த மண்ணில் கிடக்கிறதோ!

லூவன் கம்பத்தில் இருந்தவன்? அவன் பெயரும் நமக்குத் தெரியாது. என்ன குற்றம் செய்தானோ, அவனைப் பெற்றவளும் எங்கோ அழுதிருப்பாள். கடைசியாக அவனைத் தொட்ட மனிதக் கை அருவருத்துத் தள்ளிய கை இல்லை அம்மா, கற்றுக்கொள்ள வந்த கை. இந்தக் கூட்டத்தில் ஆபரேஷன் செய்து பிழைத்தவர்கள் இருப்பீர்கள். உங்களை அறுத்த டாக்டர் எங்கே கத்தி வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று படித்து வந்தாரே, அந்தப் படிப்பின் ஆரம்பத்தில் அவனும் இருக்கிறான். அதையா திருட்டு என்றீர்கள்?

மணி அடிக்கிறார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். திருடன் என்ற சொல்லை மட்டும் அம்மா இந்த மேடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.