ஏற்காட்டுக் குளிரும் பாத்ரூம் கீசரும்

(காட்சி: ஒண்டிக்கடை முக்கு. காலை ஆறரை மணி, பனிமூட்டம்.)

வணக்கம். மார்கழியில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கினால் தெரியும், காலையில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். கரண்ட்டை நம்ப முடியாது. அதனால் பல வீடுகளில் கேஸ் கீசர்தான்.

(காட்சி: பாத்ரூம் வென்டிலேட்டர். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே திணித்த சாக்கு.)

இது என் அத்தை வீடு. "பனி உள்ள வருது கண்ணு, அதான் அடைச்சேன்" என்றார். போன வருஷம் இங்கே குளித்தபோது பத்தே நிமிஷத்தில் தலை கனத்தது, குமட்டியது. முந்தின நாள் ஏறிவந்த 20 கொண்டை ஊசி வளைவுகள்மேல் பழியைப் போட்டேன். வெளியே வந்து காபி குடித்து முடிப்பதற்குள் வலி போய்விட்டது. உள்ளே இருந்தால் வலி, வெளியே வந்தால் சரி. இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: காகிதத்தில் பேனாவால் போடும் கணக்கு.)

ஐந்துக்கு ஏழடி பாத்ரூம், எட்டடி உயரம். உள்ளே இருப்பது சுமார் 8 கன மீட்டர் காற்று. நிமிஷத்துக்கு 6 லிட்டர் சுடவைக்கும் கீசர், பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய 150 கிராம் கேஸை எரிக்கும். அது முழுசாக எரிய 2 கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது, அடைத்த அறையில் ஒரே குளியலில் கால்வாசிக் காற்றின் ஆக்சிஜன் காலி. போதாக்குறைக்கு ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அதே அறையைச் சேலத்தில் கட்டியிருந்தால் இருக்கும் காற்றைவிட இங்கே சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு.

ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரியும். அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "கேஸ் நாற்றமே அடிக்கலையே" என்று பலர் கேட்கிறார்கள். அந்த நாற்றம் கசிவைக் காட்டச் சிலிண்டரில் கலக்கும் மெர்காப்டனுடையது. எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும்.

(காட்சி: கீசரின் சுடர், மிக அருகில்.)

சுடர் நீலமாக இருக்க வேண்டும். நுனி மஞ்சளானாலோ, மூடியில் கரி படிந்தாலோ அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சில மாடல்களில் ஆக்சிஜன் குறைந்தால் அணைத்துவிடும் சென்சார் உண்டு. நல்லதுதான். ஆனால் அதை நம்பி ஜன்னலை அடைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? என் கருத்தைக் கேட்டால், கீசருக்குப் பாத்ரூமுக்குள் வேலையே இல்லை. வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். சிலிண்டரும் வெளியேதான்.

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட விடமாட்டார்கள் என்றால், பாத்ரூம் கதவுக்கு வெளியே வைத்த கீசரில் வாளியை நிரப்பி, கீசரை அணைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். கீசர் பாத்ரூமுக்குள்ளேயே இருந்துதான் தீரவேண்டுமென்றால் மேலே ஒரு திறப்பு, தரையை ஒட்டி ஒரு திறப்பு, இரண்டும் மூட முடியாதபடி. மேலே சூடான புகை போகும், கீழே புதுக் காற்று வரும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் அதுவும் கீழ்வழியே வெளியேறும். புகைக்குழாய் இருந்தால் அதன் வாயைப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டேன் என்பவர்களுக்கு: காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் மட்டும் ஓடினால், புகைக்குழாய் வழியே போக வேண்டிய புகையையே அது அறைக்குள் இழுக்கும்.

கேம்ப்ஃபயர் முடிந்து மிச்சக் கரியை அறைக்குள் கொண்டுபோகும் டூரிஸ்ட் நண்பர்களே, அதுவும் இதே விஷம்தான்.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து காற்றோட்டத்துக்குத் தூக்கி வாருங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், 108. கேஸ் கசிவுக்கு 1906.

(காட்சி: பின்வாசல் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே கீசர்.)

அத்தை வீட்டுக் கீசர் இப்போது இங்கே இருக்கிறது. குழாய் நீளமாகிவிட்டதால் சுடுதண்ணீர் வர நேரமாகிறது என்று இன்னும் திட்டுகிறார். முதலில் வரும் அரை வாளிப் பச்சைத் தண்ணீர் ரோஜாச் செடிக்குப் போகிறது.