வீட்டுக்குள் ஒரு ஸ்டீல் பேண்ட்

நேயர்களுக்கு வணக்கம். ட்ரினிடாட் தீவில், லொப்பினோ என்ற மலைப்பள்ளத்தாக்கில், இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடத்திய ஸ்டீல் டிரம் குழு சமரூ ஜெட்ஸ். அதன் தலைவர் ஜித் சமரூ, ரெனகேட்ஸ் என்ற பெரிய குழுவுக்கும் இசைக்கோர்வை அமைத்தார். 1982 முதல் 1997க்குள் ரெனகேட்ஸ் ஒன்பது முறை, ட்ரினிடாட் கார்னிவலில் நடக்கும் ஸ்டீல் பேண்ட் போட்டியான பனோரமாவில் ஜெயித்தது.

பனோரமா மேடையில் நூறு பேர் வாசிப்பார்கள். வீட்டில் ஐந்தாறு பேர்தான். ஆனாலும் பாகம் பிரிக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

ஸ்டீல் டிரம்மைப் ‘பான்’ என்பார்கள். மெட்டு டெனர் பானுக்கு. 208 லிட்டர் எண்ணெய் டிரம்மின் அடித்தகட்டைச் சம்மட்டியால் சுமார் 20 சென்டிமீட்டர் குழித்துச் செய்வது அது. அவசரப்பட்டு அடித்தால் தகடு ஓரிடத்தில் மெலிந்து கிழியும். குழிக்குள் 28, 29 சுரங்கள் இருக்கும். வெளிவட்டத்தில் ‘ச’வை அடுத்து ‘ரி’ வராது, ‘ப’ வரும். ட்ரினிடாட் பான் கலைஞர் அந்தோணி வில்லியம்ஸ் வகுத்த அடுக்கு இது. ஒன்றைத் தட்டினால் பக்கத்துச் சுரமும் லேசாக முனகும். முனகுவது பஞ்சமமாக இருந்தால் காதுக்கு உறுத்தாது.

டபுள் செகண்டுக்கு இரண்டு டிரம், துணை மெட்டும், சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் தாளக்கட்டான கார்டும் (chord) அதில். கீழ்ச்சுருதிக் கார்டுக்கு செல்லோ என்ற பான். பாஸுக்கு ஆறு முழு டிரம், ஒவ்வொன்றிலும் மூன்றே சுரம். நடுவில் நிற்பவர் சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டும். சுரம் குறைவுதானே என்று பாஸைக் கடைக்குட்டியிடம் தள்ளிவிடுவது வழக்கமான தப்பு. பிள்ளைக்குக் கை எட்டாது, தாளம் பின்தங்கும், மொத்தக் குழுவும் கூடவே இழுபடும். பழைய கார் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் ‘அயர்ன்’ வேலையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள், தாளம் கெட்டியாக இருந்தால்.

குச்சியை மாற்றி எடுப்பதும் குடும்பக் குழுக்களில் சகஜம். டெனர் குச்சி நுனியில் மெல்லிய ரப்பர், பாஸ் குச்சியில் ரப்பர் பந்து. டெனர் குச்சியால் பாஸைத் தட்டினால் தகரச் சத்தம்தான் வரும். ரப்பர் தேய்ந்து மரம் நேரே பட்டால் நாளடைவில் சுருதி விலகும். விலகினால் நீங்களே சுத்தியல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்தே டியூனர், அதாவது சுருதி சேர்க்கும் கைவினைஞர், சரிசெய்வார். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். பான் உச்சி வெயிலில் சூடேறியிருக்கும்போது சுருதி பார்ப்பதும் வீண்.

மேடையில் ‘கிர்ர்’ என்று இரைந்தால் முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள். பான் கயிற்றில் தொங்க வேண்டும். கயிறு தளர்ந்தால் விளிம்பு கம்பியில் உரசும்.