நாங்கள் சுற்றினோம், மாயாவி மறைந்தார்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். கதிரை கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கிற உறவுகளுக்கு இரட்டை வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். முதன்முதலாகச் சித்திரக்கதை வாசிக்கப் போகிற பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது, இரும்புக்கை மாயாவியையா, பேட்மேனையா? நான் மாயாவி பக்கம். பேச வேண்டியதையெல்லாம் தாளில் ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தாளைப் பிரிக்க எனக்கு மனமில்லை.

தங்கச்சி கேட்டது இதுதான். "மாயாவிக்குக் கரண்ட் அடித்தால்தான் உடம்பு மறையும். வருடக்கணக்காகக் கரண்டே இல்லாமல் கிடந்த வன்னியில் அவர் எந்தப் பிளக்கில் விரலை வைப்பார்?"

நல்ல கேள்வி, தங்கச்சி. மாயாவியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவருடைய பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்தவர். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தினார்கள். பிறகு ஒருநாள் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தது, உடம்பு முழுவதும் மறைந்துபோனது. இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிந்தது. ஆகவே கரண்ட் வேண்டும் என்பது உண்மை.

எங்களிடம் கரண்ட் இருந்தது, நடுவர் ஐயா!

1997, போர்க்காலம். வன்னியில் மல்லாவிப் பக்கம், ஓலைக் கொட்டில். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து இரண்டு வருடம். பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஜாம் போத்தல் விளக்கு ஒன்று, அதுவும் குசினிக்கு மட்டும். ஆனால் பெரியண்ணா அரிசிச் சாக்கின் அடியில் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு சித்திரக்கதைப் புத்தகம் எங்களிடம் இருந்தது. அட்டை கிடையாது. முதல் பக்கத்தில் எண்ணெய்க் கறை. எப்படி வாசிப்பது? இங்கே தலை நரைத்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். டைனமோவைச் சில்லில் முட்ட விடுவோம். ஒருவன் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். லைட் எரியும். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் ஐந்து தலை.

நாங்கள் ரேடியோ கேட்டதும் இப்படித்தான். ரேடியோ என்றால் பிரச்சினை இல்லை. பெடல் சுற்றுகிறவனுக்கும் காது இருக்கிறது. படம் பார்ப்பதுதான் பிரச்சினை. சுற்றுகிறவன் சைக்கிளுக்கு அந்தப் பக்கம், புத்தகம் இந்தப் பக்கம். முறை வைத்துச் சுற்றினோம். ஒருநாள் என் முறை. பெரியண்ணா வாசிக்கிறார், "கிராண்டேல் பிளக்கை நோக்கி விரலை நீட்டினார்..." என்னால் பொறுக்க முடியவில்லை. பெடலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. மாயாவி மறைந்தார். புத்தகம் மறைந்தது. பெரியண்ணாவும் மறைந்தார்! அவருடைய கை மட்டும் எங்கிருந்தோ வந்து என் தலையில் குட்டியது.

கையை மட்டும் தெரிய விட்டு ஆளை மறைக்கிற அந்த வித்தையை லண்டனில் மின்சாரத்தை வைத்துச் செய்தார்கள், தங்கச்சி. மல்லாவியில் மின்சாரத்தை நிறுத்திச் செய்தோம்.

குட்டு வாங்கிக்கொண்டு திரும்ப ஓடிப் போய்ச் சுற்றினேன். லைட் வந்தது. அண்ணா அதே வரியில் இருந்து, "விரலை நீட்டினார்..." திரும்பவும் எட்டிப் பார்த்தேன். திரும்பவும் இருட்டு. திரும்பவும் குட்டு. மூன்றாம் முறை குசினிக்குள் இருந்து அம்மா கத்தினா: "அந்தாள் இண்டைக்காவது மறையுறாரோ இல்லையோ? சோறு ஆறுது!"

ஆகவே பிளக் எங்கே என்று கேட்காதீர்கள். நாங்கள் சுற்றினோம், அவர் மறைந்தார்.

சரி, இனித் தாள். நேரமணி அடிக்கப் பார்க்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரணி பேட்மேனின் 'இயர் ஒன்' கதையை முதல் புத்தகமாகக் கொடுக்கச் சொன்னது. நாலே இதழ், 1987, அருமையான கதை, மறுக்கவில்லை. ஆனால் நகரமே பயப்படுகிற ஒரு பணக்கார வாரிசின் இரவுகளைப் பத்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தால் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்?

என் வரிசை வேறு. முதலில் 'இரும்புக்கை மாயாவி'. 1962 அக்டோபரில் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் வந்த தொடர். அதே வருடம்தான் அமெரிக்காவில் ஸ்பைடர்மேனும் பிறந்தார். பத்து வருடம் கழித்து, 1972இல், சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே மாயாவியைத் தமிழில் கொண்டுவந்தது. பிறகு 'உறைபனி மர்மம்', 'பாம்புத் தீவு'. பிள்ளைக்குப் பிடித்துவிட்டதா? அப்புறம் லயன் காமிக்ஸின் ஸ்பைடர், ஸ்பைடர்மேன் இல்லை, கூர்க்காது வைத்த அந்தக் குற்றச் சக்கரவர்த்தி. அந்த ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் யார்? ஜெர்ரி சீகல். 1938இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை சூப்பர்மேனிடம் போகட்டும், அங்கிருந்து அடுத்த வருடம் பிறந்த பேட்மேனிடம் போகட்டும். பேட்மேனை நான் துரத்தவில்லை, தங்கச்சி. வரிசையில் நிற்கச் சொல்கிறேன்.

மணி அடித்துவிட்டது. இரண்டு நிமிடம் தாருங்கள், ஐயா. தாளில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பெடலை நான் விட்டுவிட்டு ஓடியதைச் சொன்னேன். விடாதவன் ஒருவன் இருந்தான். பக்கத்துக் கொட்டில், என் வயது. என் குட்டுகளைப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் பார், நான் சுத்துறன்" என்றான். அன்றில் இருந்து அவன்தான். வலது கையால் ஒரே சீராகச் சுற்றுவான், லைட் ஒருமுறைகூட மங்காது. நாங்கள் அத்தனை பேரும் படம் பார்த்தோம். அவன் சைக்கிளுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கதையைக் கேட்டான். கேட்டது மட்டும்தான். அடுத்த இடப்பெயர்வில் அந்தப் புத்தகமும் போய்விட்டது.

2009இல் அவனுக்கு அந்தக் கை போனது. வலது கை, முழங்கைக்குக் கீழே. செட்டிகுளம் அகதி முகாமில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைக் கண்டபோது சேர்ட்டின் கையை மடித்துக் குத்தியிருந்தான். ஒன்றும் கதைக்கவில்லை. பிறகும் பல வருடம் ஒருவருடனும் கதைக்காத கோபம் அவனுக்கு.

சிவகாசியில் மாயாவியை மறுபதிப்புப் போட்ட பிறகு ஒரு பிரதி என் கைக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்து இடது கையால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டினான். அவன் அந்தப் படங்களைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான், "என்ர மாயாவி இவர் இல்லையடா. என்ர ஆள் கொஞ்சம் கறுப்பு." பன்னிரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு அது.

பிறகு பின்னால் தட்டினான். நாங்கள் மறைகிற படத்துக்காக அடிபட்டோமே, அவன் அந்தப் பக்கத்தில் நிற்கவில்லை. புதுக் கையோடு கிராண்டேல் இருக்கிற பக்கத்தில் நின்றான். அந்த மனிதனும் முதலில் கோபத்தில் கெட்டுப்போனவன்தான், ஐயா. திருடினான், ஊரை மிரட்டினான். நிழற்படை என்ற உளவுப் படையில் சேர்ந்து நல்லது செய்ததெல்லாம் பிறகு. "இவனுக்கும் எல்லாரிலயும் கோவம் வந்ததோ?" என்று கேட்டான். ஓமடா என்றேன். "இதை எனக்கு ஆரும் வாசிக்கேல்லையே" என்றான். உண்மை. அந்தப் பக்கங்களை நாங்கள் அவசரமாகத் தாண்டிவிட்டோம்.

அவனுடைய மகளுக்கு இப்போது எட்டு வயது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். முதல் புத்தகம் எது கொடுக்கட்டும் என்று கேட்டேன். அவன் செயற்கைக் கையை மேசையில் வைத்துக்கொண்டு, "அதைத்தான் கொண்டு வா. அவள் வாசிக்கட்டும், நான் படம் பார்க்கிறன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தங்கச்சி, உங்கள் பேட்மேன் புத்தகத்தையும் தாருங்கள், மாயாவி முடிந்ததும் அவளிடம் கொடுக்கிறேன். வணக்கம்.