முடிவு வெட்டுப்பட்ட கசெட்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில், டிவி நிகழ்ச்சிகளை வீடியோ கசெட்டில் பதியும் டெக்குகளைத் திருத்தும் கடையொன்றில் பல வருடம் வேலை செய்தவன் நான். திருத்த வந்த சில டெக்குகளில் ஒரு பழுதும் இராது. "தம்பி, இது நாடகத்தின்ர கடைசியை எடுக்குதில்லை" என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு அம்மாவை மறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் அவருக்கு இரவு வேலை. தொடரின் கடைசி நாள் எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிற்கும்படி டைமர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கசெட்டைப் போட்டுப் பார்த்தோம். முதல் பன்னிரண்டு நிமிடம் ஏதோ விசேட உரை. அதற்குப் பிறகுதான் நாடகமே தொடங்குகிறது. பல வருடம் பிரிந்திருந்த மகள் படலையைத் திறந்துகொண்டு வருகிறாள், தாய் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான், திரை முழுக்கப் புள்ளி. அந்த அம்மா கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பிறகு தாய் கதைச்சவவோ?"

டெக்கில் குறை இல்லை. அது கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கி, கடிகாரத்தைப் பார்த்தே நிற்கும். மின்சாரம் போய் வந்தால் அந்தக் கடிகாரமும் பூச்சியத்தில் நின்று மின்னும். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்ப எடுத்தார்கள். 2006 ஏப்ரல் வரை கொழும்பு சென்னையைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. சென்னைச் சஞ்சிகையில் நேரம் பார்த்து டைமர் போட்டவர்களுக்கு முந்தின நிகழ்ச்சி பதிவாகும், ஆசைப்பட்டது பாதியில் போய்விடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1985 இலேயே வி.பி.எஸ். என்ற முறை வந்துவிட்டது. நிகழ்ச்சி உண்மையில் தொடங்கியதிலிருந்து முடியும் வரை நிலையம் படத்தோடு சேர்த்து அதற்குரிய மறைவான சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். உரை நீண்டால் டெக்கும் காத்திருக்கும். இன்றைய டிஜிட்டல் பெட்டிகளுக்கும் ஒளிபரப்போடு நிகழ்ச்சி அட்டவணை வருகிறது. ஆனால் நேரம் மாறியதை நிலையம் உடனே திருத்தி அனுப்பினால்தானே பெட்டிக்குத் தெரியும்?

நிலையங்களில் இருப்பவர்களை நான் உண்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். அவசரச் செய்தி வரட்டும், கிரிக்கெட் நீளட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. புதிய நேரத்தைத் திரையின் அடியிலும் அட்டவணையிலும் உடனே போடுங்கள். தொடரின் கடைசி நாளையாவது அடுத்த நாள் காலையில் மறுபடி காட்டுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு பதிவுதான் இருக்கிறது. இன்டர்நெட்டில் எல்லாமே ஏறுவதுமில்லை.

அதுவரை நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்பதுக்கு முடியும் நாடகத்துக்கு ஒன்பதரை என்று போடுங்கள். இன்னும் டெக் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், ஈ-180 கசெட்டில் மூன்று மணித்தியாலம் இடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.