முதல் நாளில் நல்ல பேர்

(கோபி பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாகப் பொறுப்பேற்றிருக்கும் அன்புத் தங்கை அவர்களே, என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் பதினோரு வருஷம் சோறு பகிர்ந்து தின்ற தலைமையாசிரியை அவர்களே, மைக் செட்டும் பந்தலும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த பால் சொசைட்டித் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு நாற்காலி அனுப்பி வைத்த கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, வெயில் தாழக்கூட இல்லை, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அடுத்த தடவை அந்தக் காசுக்குப் பினாயில் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

பள்ளி திறக்கும் முதல் நாளில் நல்ல பேர் வாங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் எப்படி வர வேண்டும், ஆசிரியர் எப்படி வரவேற்க வேண்டும், பெற்றோர் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகம் வெட்டியிருக்கட்டும். பேர் கேட்டால் தலை நிமிர்ந்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொல்லட்டும். சீருடையும் புத்தகமும் அரசே தருகிறது. புதுத் துணிக்காகக் கடன் வாங்காதீர்கள், துவைத்த துணி போதும்.

எங்க அப்பாரு மாட்டை ஏரில் பூட்டினால், காட்டின் அந்தக் கோடியில் நிற்கிற பனைமரத்தைக் குறி வைத்துத்தான் முதல் சால் ஓட்டுவார். அது கோணிவிட்டால் அடுத்த சால் அதை ஒட்டித்தானே போகும்! "முதல் கோணல் முற்றும் கோணல், அம்முணி" என்பார். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்ற எனக்கு அதற்கு மேல் ஒரு பாடம் கிடைக்கவில்லை.

ஒரு பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்தாள். முதல் நாள் காலையில் திருக்குறள் பத்தை மூச்சு விடாமல் சொன்னாள். மத்தியானம் பார்த்தால் பெஞ்சில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். கேள்வி கேட்டால் முழிக்கிறாள். நான் என்ன செய்தேன்? சோம்பேறிப் பிள்ளை என்று முடிவு கட்டிப் பின் வரிசைக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தலை வலிக்கிறது என்று அழுதாள். என் வண்டியிலேயே உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் ஆத்தா திண்ணையில் தட்டக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சரம்மா" என்று எழுந்து, மோர் கொண்டு வந்து கொடுத்தார். அப்புறம் பிள்ளையின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். நீல பாட்டில். கழுத்து வரைக்கும் தண்ணீர். "காத்தால நெறைச்சு விடறனுங்க, பொழுதோட நெறையவே திரும்பி வருதுங்க. ஒரு பொட்டுக் குடிக்கறதில்லீங்க."

ஏன் கண்ணு என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அங்க கதவு சாத்தறதில்லைங்க டீச்சர்."

மறுநாள் பிள்ளைகளின் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கதவு. ஒன்றில் தாழ்ப்பாளே இல்லை, இன்னொன்றில் சணல் கயிறு கட்டியிருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தப் பள்ளியில் ஆறு வருஷமாக வேலை பார்த்தவள் நான். ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை, அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. பிள்ளைகள் போகிற பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்று அப்பாரு சொன்னாரே, அந்தக் கோணல் சால் ஓட்டியவள் நான்தான்.

தாய்மார்களே, பிள்ளையிடம் நல்ல பேர் வாங்க வேண்டியது முதலில் பள்ளிக்கூடம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணீர் இரண்டும் எழுதியிருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளியிலும் இதைச் செய்து முடியுங்கள் என்று உத்தரவிட்டது. கட்டடம் வந்துவிட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தாழ்ப்பாளும் தண்ணீரும் கழுவுகிற கையும் வந்ததா? கழுவ வருகிற அம்மாவுக்குச் சம்பளம் மாசா மாசம் போய்ச் சேருகிறதா?

கேரளத்தில் 2019 இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க ஒரு மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு. நாமும் அடிப்போம். ஆனால் குடித்த பிள்ளை எங்கே போகும்? அதைச் சரி பண்ணிவிட்டு மணி அடிப்போம்.

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர். தண்ணீர் விடுவதற்கு முன்னால் மதகைப் பார்க்கிறோம், கரையைப் பார்க்கிறோம், கசிவு இருந்தால் அதிகாரியை வரவழைத்து நிற்க வைக்கிறோம். நெல்லுக்குக் காட்டுகிற அந்த அக்கறையில் பாதி போதும், இங்கே இருப்பது நாலு கதவுதான். முதல் கோணல் முற்றும் கோணல். ஜூனுக்கு முன்னால் நிமிர்த்த வேண்டியது இது.

மற்ற இரண்டு விஷயத்தையும் தலைமையாசிரியை என்னைவிட நன்றாகச் சொல்வார், அவருக்கு நேரம் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு இங்கே வாருங்கள். கோபி கடைவீதியில் ஆறு தாழ்ப்பாள் வாங்கி வைத்திருக்கிறேன், ஸ்க்ரூவோடு. கதவு வேலை தெரிந்தவர் ஒருவர் வேண்டும், மோட்டார் வேலை தெரிந்தவர் ஒருவர் வேண்டும். பக்கெட்டும் சீமாறும் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். ஆறாம் வகுப்புக்கு வரப்போகிற பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கை எந்த உயரத்துக்கு எட்டுகிறது என்று அவர்களைக் கதவோரம் நிற்க வைத்துப் பார்த்துத்தான் தாழ்ப்பாள் அடிக்க வேண்டும். வணக்கமுங்க.