கொலையா, தற்கொலையா? புழுவுக்குள் துப்புத் துலக்கிய ஜுன்யிங் யுவான்

[காட்சி: ராயபுரம், பழைய ஜெயில் ரோடு. ஸ்டான்லி மருத்துவமனை வாசல். தொகுப்பாளர் நடந்துகொண்டே பேசுகிறார்.]

இந்த வீடியோவைப் பார்த்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் கோடிக்கணக்கான செல்கள் செத்துப்போயிருக்கும். பயப்படாதீர்கள். அவை சாக மறுத்தால்தான் பயப்பட வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? கையை விரித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா? தாய் வயிற்றில் அந்தக் கை முதலில் உருவானபோது இந்த இடைவெளிகள் கிடையாது. விரல்களுக்கு இடையே சவ்வுபோலத் திசு இருந்தது. அங்கே இருந்த செல்கள் தங்கள் நேரம் வந்ததும் ஒழுங்காக இறந்தன. இடம் காலியானது, ஐந்து விரல்களும் பிரிந்தன. சில குழந்தைகளுக்கு அந்தச் சாவு சரியாக நடப்பதில்லை, இரண்டு விரல்கள் ஒட்டியபடியே பிறந்துவிடுகிறார்கள். எனக்குப் பின்னால் தெரிகிறதே, இந்த ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்த ஒன்று. கருவில் செல்கள் முடிக்காமல் விட்ட வேலையைக் கத்தி பிடித்து முடித்துக்கொடுக்கும் மருத்துவம் அது.

ஒரு செல் எப்படிச் சாகிறது? யார் உத்தரவு போடுகிறார்கள்? வயதானால் மூளைச் செல்கள் ஏன் கணக்கில்லாமல் மடிகின்றன? இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒருவரைப் பற்றியதுதான் இன்றைய வீடியோ. அவர் பெயர் ஜுன்யிங் யுவான். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பள்ளிகளில் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் அனுப்புங்கள். பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் கடந்துபோகிற விஷயம்தான். அந்த நான்கு வரிக்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது.

[காட்சி: கண்ணாடித் தட்டு. நுண்ணோக்கியில் நெளியும் புழு.]

முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சி. எலிகன்ஸ் என்று ஒரு புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். அழுகும் பழத்திலும் மட்கும் செடிகொடியிலும் வாழ்வது. ஆயுள் இரண்டு மூன்று வாரம். உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். சிட்னி பிரென்னர் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார், ஜான் சல்ஸ்டன் செல்களை எண்ணினார், ராபர்ட் ஹார்விட்ஸ் மரபணுக்களைத் தேடினார். மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்கதை அவ்வளவுதான்.

ஆனால் சல்ஸ்டன் எண்ணிய விதத்தைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கருவில் ஒரு செல் இரண்டாவதையும் இரண்டு நான்காவதையும் அவர் கண்ணாலேயே பார்த்துப் படம் வரைந்தார். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு நான்கு மணி நேரம், ஒன்றரை ஆண்டு. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் ஒரு பிரிவு தவறிவிடும். அப்படிக் கிடைத்த கணக்கு இது: புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் உண்டாகின்றன. முழுதாக வளர்ந்த புழுவில் இருப்பவை 959. மீதி 131 செல்கள் சாகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. ஏறத்தாழ அதே இடம், அதே நேரம்.

சாகும் செல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதலில் உருண்டு திரளும். பிறகு மற்ற செல்களிலிருந்து தனித்து, பளபளவென்று ஒரு தட்டையான வட்டமாகத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துச் செல் அதை விழுங்கிச் செரித்துவிடும். சிந்தலும் இல்லை, சிதறலும் இல்லை. இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். இந்த 131 செல்களை யாராவது கொல்கிறார்களா, அல்லது அவை தாமாகவே சாகின்றனவா?

யுவான் 1958-இல் ஷாங்காயில் பிறந்தவர். 1982-இல் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி அமெரிக்கா போனார். முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தது ஹார்வர்டில். ஆனால் அவருடைய கேள்விக்கு விடை தேடும் புழுக்கள் இருந்தது எம்.ஐ.டி.யில், ஹார்விட்ஸின் ஆய்வகத்தில். ஒரு பல்கலைக்கழக மாணவி இன்னொரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தார். துணிச்சல்காரர்!

அங்கே செட்-3, செட்-4 என்று இரண்டு மரபணுக்கள் ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டிருந்தன. இவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் அந்த 131 செல்களும் பிழைத்துக்கொள்ளும். யுவான் செய்த சோதனை அழகானது. ஒரே புழுவின் உடலில் சில செல்களில் மட்டும் அந்த மரபணு வேலை செய்யும், மற்றவற்றில் செய்யாது. அப்படிக் கலப்பான புழுக்களை உருவாக்கிப் பார்த்தார். கொலையாளி வெளியில் இருந்தால், சாகும் செல்லுக்குள் மரபணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவு நடந்தாக வேண்டும். அப்படி நடக்கவில்லை. சாகும் செல்லின் வம்சத்துக்குள்ளேயே அந்த மரபணு வேலை செய்தாக வேண்டியிருந்தது. 1990-இல் வெளியான முடிவு இது. சாவின் கருவி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. தற்கொலைதான்.

[காட்சி: தொகுப்பாளர் கேமராவை நெருங்கி நின்று பேசுகிறார்.]

“புழுவுக்கு நடந்தால் நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். அன்றைக்குப் பலரும் அப்படித்தான் கேட்டார்கள். 1993-இல் பதில் வந்தது. செட்-3 மரபணு உண்டாக்கும் புரதத்தின் வரிசையைப் படித்துப் பார்த்தால், அதேபோன்ற ஒன்று மனித உடலில் இருக்கிறது! காய்ச்சலிலும் அழற்சியிலும் பங்குள்ள இன்டர்லூகின்-1 பீட்டாவை வெட்டித் தயாராக்கும் நொதி அது. யாரும் அதைச் சாவோடு சேர்த்து யோசித்ததில்லை. அதற்குள் யுவான் சொந்த ஆய்வகம் தொடங்கியிருந்தார். அந்த நொதியைப் பாலூட்டியின் செல்லில் அதிகமாக உண்டாக்கினால் செல் சாகிறது என்று அவருடைய குழு காட்டியது. இரண்டு கட்டுரைகளும் ‘செல்’ ஆய்விதழின் ஒரே இதழில் வந்தன. புழுவுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலமும் இந்தக் கருவி கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. இந்தக் குடும்பத்து நொதிகளுக்கு இன்று காஸ்பேஸ் என்று பெயர். புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்தப் பெயர் வராத நாளில்லை. யுவானின் பெயரையும் நம் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறொருவராக இருந்தால் இதை வைத்தே காலம் தள்ளியிருப்பார். யுவான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். காஸ்பேஸை மருந்து போட்டு முடக்கியும், சில செல்கள் அடங்காமல் சாகின்றன. அதுவும் வேறு விதமாக. வீங்கி, சுவர் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, சுற்றுப்புறமெங்கும் அழற்சி. இப்படிச் செல் வெடிப்பது தீக்காயம்போல, நசுங்கல்போல வெறும் விபத்து என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. விபத்து என்றால் தடுக்க முடியாது. தடுக்க முடிந்தால் அது விபத்தில்லை. இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 15,000 வேதிப்பொருள்களைச் சோதித்தார்கள். ஒன்று தடுத்தது! 2005-இல் வெளியானது, நெக்ரோஸ்டாட்டின்-1 என்று பெயர். அது எந்தப் புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்பது 2008-இல் தெரிந்தது: ரிப்கே1. இந்த வகைச் சாவின் பெயர் நெக்ரோப்டோசிஸ்.

[காட்சி: எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்தை நோக்கி நிற்கும் கண்டெய்னர் லாரிகள்.]

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்காகத்தான் இந்த வீடியோவே. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோய் என்றால் புரியும். தசையை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடியும். காசிமேட்டில் வலை பின்னும் ஒருவருக்கு இது வந்தால், முதல் அறிகுறி விரலில் முடிச்சு நழுவுவதாகக்கூட இருக்கலாம். ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகே வருகிறது. சிலருக்கு இந்த நோய் டி.பி.கே-1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருப்பதால் வருகிறது.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். மரபணு பிறவியிலேயே கெட்டிருக்கிறது. பள்ளிக்குப் போகிறார், கல்யாணம் செய்கிறார், பிள்ளைகளை வளர்க்கிறார். ஐம்பது ஆண்டு ஒன்றும் ஆகவில்லை. நோய் ஏன் காத்திருந்தது? “வயதாகிவிட்டது, அதனால்தான்” என்று சொல்லிவிடுகிறோம். வயது என்றால் என்ன? செல்லுக்குள் அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

இந்த லாரியைப் பாருங்கள். பாரம் ஏற்றிய இதே லாரி ஒரு மேம்பாலச் சரிவில் நிற்கிறது என்று வையுங்கள். காலால் மிதிக்கும் பிரேக் ஒன்று, கையால் இழுக்கும் பிரேக் ஒன்று. கால் பிரேக் பாதிதான் பிடிக்கிறது. ஆனாலும் லாரி நகரவில்லை, கை பிரேக் தாங்குகிறது. வருடம் போகப் போகக் கை பிரேக்கும் தேய்கிறது. ஒரு நாள் லாரி உருள்கிறது. அன்றைக்குப் புதிதாக எதுவும் கெடவில்லை. தாங்கிக்கொண்டிருந்தது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

2018-இல் யுவானின் குழு இதைத்தான் செல்லுக்குள் காட்டியது. உருளக் காத்திருக்கும் லாரி, ரிப்கே1. டி.பி.கே-1 ஒரு பிரேக். டாக்-1 என்ற புரதம் இன்னொரு பிரேக். வயதான மனித மூளைகளில் டாக்-1 குறைந்துபோகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிறகு டி.பி.கே-1 பாதியாக உள்ள எலிகளை எடுத்து, அவற்றின் நோய் எதிர்ப்புச் செல்களில் டாக்-1 அளவையும் குறைத்தார்கள். மூளையில் அழற்சி, நரம்புச் செல்களின் சாவு, நடத்தையில் தடுமாற்றம் என்று நோயின் அடையாளங்கள் வரிசையாக வந்தன. ரிப்கே1-ஐ நிறுத்தினால்? அந்தப் பாதிப்புகள் தடுக்கப்பட்டன.

முதுமை என்ற பெரிய சொல்லை எடுத்து, அளந்து பார்க்கக்கூடிய ஒரு புரதத்தின் குறைவாக மாற்றிக் காட்டியிருக்கிறார். முதுமைக்கு இன்னும் எத்தனையோ முகங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு முகத்துக்குப் பெயரும் விலாசமும் கிடைத்துவிட்டது. இதைவிடப் பெரிய காரியம் என்ன வேண்டும்?

[காட்சி: தொகுப்பாளர் மீண்டும் திரையில்.]

இடையில் 2012-இல் ஷாங்காயில் உயிரியலையும் வேதியியலையும் இணைக்கும் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கி, பிறகு ஹார்வர்டை விட்டு அங்கேயே போய்விட்டார்.

மருந்து வந்துவிட்டதா என்று கருத்துப் பகுதியில் கேட்பீர்கள், இப்போதே சொல்கிறேன். ரிப்கே1-ஐத் தடுக்கும் மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துவருகிறார்கள். ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் நடந்த ஓர் இரண்டாம் கட்டச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் கைகால் தளர்ந்து நோய் வெளியே தெரியும்போது ஏராளமான நரம்புச் செல்கள் ஏற்கெனவே போயிருக்கும். லாரி பாதிச் சரிவு இறங்கிய பிறகு பிரேக்கைச் சரிசெய்வதில் என்ன பயன்? இன்னும் முன்கூட்டியே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதனால் ஒரு வேண்டுகோள். “செல் சாவதை நிறுத்தும், வயதைக் குறைக்கும்” என்று யாராவது மாத்திரை டப்பாவோடு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வந்தால் காசு கொடுக்காதீர்கள். ரிப்கே1-ஐத் தடுக்கும் மருந்து எதுவும் இப்போதைக்குக் கடைக்கு வரவில்லை. அதோடு, செல் சாவை மொத்தமாக நிறுத்துவது நல்லதும் இல்லை. செட்-3 இல்லாத புழு கூடுதல் செல்களோடு பெரிய குறையில்லாமல் வாழ்ந்துவிடும். காஸ்பேஸ்-9 இல்லாத எலிக்குட்டிக்கு மூளை அளவுக்கு மீறி வளரும், அவற்றில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்போ பிறந்த உடனேயோ இறந்துவிடும்.

புழுவுக்குப் பரவாயில்லை, எலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு? உங்களுக்குத் தோன்றும் காரணத்தை எழுதுங்கள். பிளஸ் டூ மாணவர்கள் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் நானே பதில் எழுதுவேன்.