கிளினிக் வாங்கில் இருக்கிற மருந்து

வணக்கம் நேயர்களே. நான் வன்னியில கன வருசம் நேர்ஸா வேலை செய்தனான், அதால வருத்தத்தைப் பற்றித்தான் கதைக்கப்போறன், குளிசை இல்லாத வருத்தம், தனிமை.

சிரிக்காதேங்கோ. 2010இல ஜூலியான் ஹோல்ட் லன்ஸ்டட் எண்ட ஆய்வாளரும் கூட்டாளியளும் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தவை, எல்லாமா 3 லட்சம் பேருக்கு மேல. ஆக்களோட நல்ல உறவு இருந்தவை உயிரோட இருக்கிற வாய்ப்பு மற்றவையை விட 50 வீதம் கூட எண்டு வந்தது. பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் கொப்பி இருக்கு, இதுக்கு ஒண்டும் இல்லை.

எங்கட பக்கம் இது இன்னும் மோசம் எண்டுதான் நான் சொல்லுவன். 2009இல சண்டை முடிஞ்சாப்பிறகு திரும்பி வந்து குடியேறின கன பேருக்குப் பக்கத்து வளவு இன்னும் வெறுங்காணி, பிள்ளையள் கனடா, பிரான்ஸ் எண்டு போயிட்டினம், காசு வருது, வட்ஸ்அப்பில பேரப்பிள்ளையின்ர முகமும் வருது, ஆனா தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிறது ஆச்சி தனியத்தான்.

கிளினிக் நாளில பாருங்கோ, டொக்டர் வர எட்டு மணியாகும், இந்த வயசுபோனவை விடியவே வந்து வாங்கில இருப்பினம். நம்பர் எடுக்க எண்டு சொல்லுவினம், பாதிப்பேர் வாறது கதைக்க. ஆர்ட மாடு கண்டு போட்டது, ஆருக்கு முழங்கால் உளையுது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆரார் போறது. மருந்து எடுத்தாப்பிறகும் எழும்ப மனமில்லை, வெத்திலைப் பை திரும்பவும் திறபடும். எனக்கு விட்டா அந்த வாங்கையும் மருந்துத் துண்டில எழுதுவன்.

இன்னொண்டு, காது. கேக்காட்டி மனுசர் மெல்ல மெல்ல ஒதுங்கிடுவினம், வீட்டில இருக்கிறவை 'அப்புவுக்கு இப்ப ஆக்களைப் பிடிக்கிறேல்ல' எண்டு சொல்லுவினம். 2024இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர ஆய்வுக் குழு, கவனிச்சா குறைக்கக்கூடிய மறதி நோய்க் காரணங்கள் எண்டு 14ஐச் சொன்னது, அதில காது கேக்காததும் இருக்கு, தனிச்சுப்போறதும் இருக்கு. அதால முதல்ல காதைக் காட்டுங்கோ, சிலவேளை வெறும் குறும்பியாத்தான் இருக்கும்.

ஒக்டோபர் 1 முதியோர் தினமெண்டு மாலை போட்டு இருத்திப்போட்டு நாங்களே மணிக்கணக்காப் பேசுறம், எனக்கு அது துண்டறப் பிடிக்காது. அவையட்ட வேலை கேளுங்கோ. விதைநெல்லு பாக்க, பனையோலை இழைக்கப் பழக்க, கோயில் கணக்குப் பாக்க. பின்னேரத்தில நாலு பேரைச் சேர்த்து 304 காட்ஸ் விளையாட விடுங்கோ, சண்டை வரும், வரட்டும். ஓட்டோ வைச்சிருக்கிற தம்பியவை, கிளினிக்குக்கு ஒரு ஆச்சியை ஏத்தினா அடுத்த ஒழுங்கை ஆச்சியையும் கேட்டு ஏத்துங்கோ, கூலியும் ரெண்டாப் பிரியும்.